இரண்டு நிறக் கயிறு

என் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு கயிறு தொங்குகிறது. பாதிக்கு மேல் பழைய நார்க்கயிறு. மீதி நீல நைலான். நடுவில் ஒரு முரட்டு முடிச்சு. அந்தக் கயிற்றில் மாடு கட்டியதில்லை. கபடிக் களம் அளந்த கயிறு அது. எங்கள் கேப்டனுடையது. அவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். ஆனாலும் ஊரே கேப்டன் என்றதால் எனக்கும் கேப்டன்தான்.

கொல்லிமலையில் சமதரை கிடைப்பது கஷ்டம். எங்கள் ஊரில் மிளகு காயவைக்கும் களம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஆளுயரப் பள்ளம், கீழே மரவள்ளிக்காடு. அந்தக் களத்துக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுக்குக் கேப்டன் கயிறு வெட்டினார். கோடு தாண்டினால் நடுவர் அவுட் சொல்ல வேண்டியதில்லை. ஆள் மரவள்ளிக்குள் கிடப்பான். மலையின் மற்ற பகுதிகளான குண்டூர் நாட்டிலும் தேவனூர் நாட்டிலும் ஆட்டம் வைத்தபோது இதே கயிற்றைத்தான் வாங்கிப்போய்க் கோடு போட்டார்கள். மலை முழுக்க ஒரே அளவு. பரிசு பலாப்பழம். ஜெயித்தவர்கள் தோற்ற ஊரோடு உட்கார்ந்துதான் அதைத் தின்ன வேண்டும். அது எங்கள் வழக்கம். அதனால் சண்டை வந்தாலும் சுளை உரிக்கும்போது முடிந்துவிடும்.

கேப்டனைப் போல ஆடியவரை நான் பார்த்ததில்லை. அவர் கபடி பாடிப் போனால் மிளகுக் கொடியில் ஏறியிருந்தவர்கள் ஏணியைவிட்டு இறங்கி வருவார்கள். மூச்சு விடுவதே தெரியாது. எதிரணிக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார். தொட்டுவிட்டுத் திரும்பும்போதும் அதே சிரிப்பு. நான் இடது ஓரம். கணுக்கால் பிடிப்பது என் வேலை. பேச்சு எனக்கு வராது, பிடி வரும்.

அடிவாரத்து ஊர் ஒன்றில் வருசம் ஒருமுறை பெரிய ஆட்டம் நடக்கும். கோப்பை, மைக் செட், எல்லாம் உண்டு. மலைக்காரர்களைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். விதி தெரியாது, முரட்டுத்தனமாக ஆடுவார்கள் என்பது அவர்கள் பேச்சு. பெரிய களத்துக்கு வெளியே, வேலியோரம் இடம் தருவார்கள். மத்தியானம் இரண்டு மணி வெயிலில் நாங்களே எங்கள் கயிற்றால் கோடு போட்டு, எங்களுக்குள்ளேயே ஆடிக் காட்ட வேண்டும். கூட்டம் கைதட்டும். பிறகு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். பெரிய ஆட்டம் ஆரம்பிக்கும்போது நாங்கள் கொண்டை ஊசி வளைவில் இருப்போம். அதைப் பார்த்தது கிடையாது. கேப்டனின் நல்ல வயது முழுக்க அந்த வேலியோரம்தான் போனது.

அவர் நாற்பதை நெருங்கிய வருசம் ஓர் அணி வரவில்லை. கமிட்டிக்காரர் எங்களிடம் வந்தார்.

“ஏனுங்க கேப்டன், ஒரு அணி குறையுதுங்க. நாலு மணிக்கு எறங்கறீங்களா? ஜெயிச்சீங்கன்னா அடுத்த வருசத்துலருந்து உங்க பேரு பட்டியல்ல இருக்கும். தோத்தா பழையபடி ரெண்டு மணி ஆட்டந்தான்.”

“எறங்கறோமுங்க,” என்றார் கேப்டன். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் பாதி மானம் போனது. நாங்கள் ஏழு பேரும் நடுவில் நெருக்கியடித்து நின்றோம். இரண்டு பக்கமும் வெற்றுத்தரை. அவர்கள் அதில் புகுந்து வந்து தொட்டார்கள். எங்கள் ஆட்கள் பாடிப் போனால் கோட்டுக்கு வெகுதூரம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறார்கள், அங்கே பள்ளம் இருப்பதுபோல. கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: “ஏனுங்க, கோடு இன்னும் அந்தாண்ட இருக்குதுங்க! பயப்படாம போங்க!” எல்லோரும் சிரித்தார்கள்.

இடைவேளையில் கேப்டன் தண்ணீர் குடிக்கவில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை அடிமேல் அடி வைத்து அளந்தார். திரும்பி வந்தபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மாப்ள, நம்ம கயிறு பத்தலையப்பா.”

“அப்ப இத்தன வருசமா?”

“மலையே சின்னக் களத்துல ஆடியிருக்குது. நாந்தான் காரணம். அத உடு. அத்தனூண்டு எடத்துல புடிபடாம வந்த ஆளுங்க நாம. இத்தன எடம் குடுத்தா நம்மளப் புடிக்க முடியுமா?”

முடியவில்லை. நாங்கள் விரிந்து நின்றோம். நான் என் ஓரத்துக்கு முதல்முறையாகப் போனேன். அடுத்தடுத்து மூன்று கணுக்கால் சிக்கியது. புள்ளி சமமானது. கடைசிப் பாட்டு கேப்டனுக்கு. அவர் நடுவில் போகவில்லை. கோட்டை ஒட்டியே ஓடினார். கோட்டுக்கும் காலுக்கும் நாலு விரல்கூட இருக்காது. பள்ளத்தின் விளிம்பில் ஓடிப் பழகிய கால் அது. அவரே வெளியே போய்விடுவார் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, அதே சிரிப்போடு நடுக்கோட்டுக்கு வந்தார். கோடு அந்தாண்ட இருக்குது என்று கத்தியவர்தான் முதலில் அவரைத் தோளில் தூக்கினார்.

மறுநாள் ஆட்டத்தில் தோற்றோம். அதற்குள் பட்டியல் பலகையில் எங்கள் பெயரைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிட்டார்கள். கேப்டன் கடைவீதியில் நீல நைலான் வாங்கி, பெரிய களத்தில் வைத்து அளந்து, எங்கள் கயிற்றோடு முடிச்சுப் போட்டார். அதன்பிறகு அவர் இரண்டு வருசம்தான் ஆடினார். முட்டி போய்விட்டது. முன்னாடியே உள்ளே விட்டிருந்தால் எங்கே போயிருப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “எங்க போனா என்ன மாப்ள, பலாப்பழம் அங்க கெடைக்குமா?” என்றார்.

போன வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டேப் வைத்து அகலம் அளந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மாவட்ட ஆட்டத்துக்குப் போகிறார்கள். அவர்கள் பெயர் எப்போதோ பட்டியலில் ஏறிவிட்டது. கேப்டன் நொண்டிக்கொண்டே என் கொட்டகைக்கு வந்து கயிற்றை எடுத்துப்போய்ப் பிடித்துப் பார்த்தார். டேப் அளவைவிடக் கயிறு ஒரு சாண் கூடுதலாக இருந்தது.

“டேப்பு தப்பு கண்ணு,” என்றார்.

“ஐயோ, உங்க முடிச்சு எளகியிருக்குங்க கேப்டன்!” என்று அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

“இருக்கட்டும் சாமி. ஒரு சாண் பெருசாவே போடுங்க. சின்னதுல ஆடுனது போதும்.”

பிள்ளைகள் கோட்டை அழித்துவிட்டுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார்கள். இன்னொரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.