வெள்ளைக்கரு கலங்கிய நாள்

முதலில் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் விறைத்துக் கிடக்கும். மடங்கவே ஒரு மணி நேரமாகும். முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார் சேலத்து மருத்துவர். வாரம் ஒருமுறை போடும் மாத்திரையைக் கொடுத்தார். மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது. எனக்குத் திமிர் ஏறியது.

திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர் நான். இலைச்சாற்றை முட்டை வெள்ளைக்கருவோடு கலந்து சூடாக்குவோம். கலங்காமல் நின்றால், அந்த இலைக்கு அழற்சியை (வீக்கம், வலி, சூடு) தணிக்கும் குணம் இருக்கலாம். முடக்கறுத்தான் சாறு விட்ட சோதனைக் குழாய் தெளிவாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் அந்த இலையைக் காய்ச்சிக் குடித்தேன்.

வெளியூர்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் கணவர், இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்ததும் பதறிவிட்டார்.

"ஏம்புள்ள, கை இப்படி வீங்கிக் கெடக்குது! மாத்திரைய ஏன் உட்ட?"

"குழாயில நானே பாத்தனுங்க."

"குழாய்க்கு மூட்டு இருக்குதா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் வீட்டுக் கஷாயத்தையே ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். வெள்ளைக்கரு பாலாகக் கலங்கியது. அப்போதுதான் உறைத்தது. நாங்கள் சோதித்தது ஆல்கஹாலில் ஊறவைத்து வற்றவைத்த சாறு. நான் குடித்தது தண்ணீரில் காய்ச்சியது. அந்தச் சாறும் முட்டையிடம்தான் ஜெயித்தது, மனுஷியிடம் அல்ல. பத்து வருஷமாக இதே வேலை பார்ப்பவள் செய்யும் காரியமா இது? வெட்கத்தில் அழுதேன்.

மருத்துவர் திட்டித் தீர்த்தார். "இனி இலை பக்கமே போகாதீங்கம்மா."

"போவனுங்க சார். மாத்திரையும் உடமாட்டேன், இலையையும் உடமாட்டேன். குடிக்கறதுக்கில்லீங்க, சோதிக்கறதுக்கு."

இதைப் படிக்கும் உங்களுக்கும் யாராவது ஓர் இலையை நீட்டுவார்கள். மருத்துவரிடம் கேட்காமல் குடிக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதற்காக இலையைக் கேலி செய்பவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் வேண்டாம். தப்பு இலையுடையது அல்ல, என்னுடையது.

இப்போதெல்லாம் விரல் மடங்கும்போதுதான் எனக்கு விடிகிறது. கடிகாரம் காட்டுவது ஊருக்கான நேரம். வலது சுண்டுவிரல் இனி நிமிராதாம். நிமிராவிட்டால் போகட்டும். மீதி ஒன்பது விரலோடு நேற்று ஆய்வகத்தில் நொச்சி இலையை அரைக்க உட்கார்ந்துவிட்டேன்.