ரோசியின் வெற்றுப் பலூன்

சித்திரக்கதை வரைய வரும் தம்பி தங்கைமாருக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

வெள்ளவத்தையில் ஒரு சிறுவர் சஞ்சிகையில் சேர்ந்த முதல் நாளே, ஆசிரியர் தேவகி அக்கா என்னிடம் ஒரு நாயகியைக் கேட்டார். அன்றே ரோசியை வரைந்தேன். கொட்டாஞ்சேனைப் பெட்டை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். மூக்கும் சுருட்டைமுடியும் என்னுடையவை. வாய் மட்டும் என்னுடையதல்ல. எனக்குத் திக்குவாய். பஸ் கொண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல முடியாமல் அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நான் நடந்து வந்த நாட்களில், ரோசி கப்பல் கப்டனையே வாயடைக்க வைத்தாள். அவளை வரைவதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சில வருடங்களில் அவள் எனக்கே அலுத்துவிட்டாள். எதற்கும் பயப்படாதவளுக்குத் துணிச்சல் எதற்கு? ரோசிக்கும் திக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

"பிள்ளையள் அவளைப் பாத்துச் சிரிக்குங்கள், ஜெனி" என்றார் தேவகி அக்கா. சிரிக்காதபடி வரைவது என் பொறுப்பு என்று எழுதிக் காட்டினேன்.

எங்கள் தொழிலில் திக்குவாய் என்றால் முதலெழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் புள்ளி வைப்பார்கள். அது பகிடிக்கு, சிரிப்புக் காட்ட. எனக்குச் சொல் உடைந்து வருவதில்லை, வரவே வராது. அதனால் ஒரு படக்கட்டத்தில் ரோசி வாய் திறந்திருக்க, பேச்சை எழுதும் பலூனை வெறுமையாக விட்டேன். அடுத்த கட்டத்தில்தான் சொல் வரும்.

அச்சுக்குப் போகும் நாள், மருதானை அச்சகத்தில் லேஅவுட் செய்யும் செல்வம் அண்ணன் கடைசிப் புரூஃபை வட்ஸ்அப்பில் அனுப்பினார். எழுத்து விடுபட்டுவிட்டது என்று நினைத்து, பாவம், அடுத்த கட்டத்து வசனத்தை வெற்றுப் பலூனுக்குள் போட்டிருந்தார். என் ரோசி பழையபடி தடதடவென்று பேசினாள். அச்சுக்கான பிளேட் அடிக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். என் மெசேஜ் எதையும் அவர் பார்க்கவில்லை. வழக்கமாக எனக்காகக் கதைக்கும் தேவகி அக்காவின் போன் ஓஃப்.

நானே செல்வம் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஆர் கதைக்கிறது என்று கேட்டார். என் பெயரே வரவில்லை. கேட்கவில்லை, வைக்கிறேன் என்றார். வைக்காதீங்கோ என்ற ஒரு சொல் எப்படியோ வெளியே வந்தது. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. ஆனால் போனை நான் விடவில்லை.

"ஜெனி மிஸ்ஸா? ஆறுதலாச் சொல்லுங்கோ. பிளேட்டை நிப்பாட்டி வச்சிருக்கிறன்."

நேரம் எடுத்தது. சொன்னேன்.

"அந்தப் பலூன் வெறுமையா இருக்கவேணும் அண்ணன். அவள் சொல்லுவாள். நாங்கள்தான் கொஞ்சம் பொறுக்கவேணும்."

பலூன் வெறுமையாகவே அச்சில் வந்தது. உங்களை நாயகியாக வரையுங்கள், ஆசைக்கு அழகாகவும் வரையுங்கள். ஆனால் உங்களுக்குக் கஷ்டமானதை அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள்.

இப்போது அச்சகத்துக்கு நானேதான் போன் எடுக்கிறேன். செல்வம் அண்ணன் ஹலோ சொல்லிவிட்டு, என் சொல் வரும்வரை பொறுத்திருப்பார்.