தொட்டு எழுப்பக் கூடாதவர்

காலையில் மருந்துச்சாலைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் கரையால் சைக்கிளில் வந்த சிவராசா, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "மாரிமுத்து அண்ணையை ஆமிக்காரன் சுட்டுப்போட்டான்" என்றான். எங்கே, எதற்காக என்று நான் கேட்கவில்லை. "ஆர் அவரை எழுப்பினது?" என்றுதான் கேட்டேன். சிவராசாவுக்கும் அது விசித்திரமான கேள்வியாகத் தெரியவில்லை. "அவங்கள்தான். சப்பாத்துக் காலாலை" என்றான்.

கண்டாவளையில் அவரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபத்தேழாம் ஆண்டு இன வன்செயலில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லய வீடு எரிந்தபின், மனைவி செல்லம்மாவோடு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர் அவர். மீசை அரும்பும் வயதில் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போயிருந்தார். அங்கே ஒரு விடியற்காலை, குழிக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எதிரிகள் புகுந்து கத்தியால் குத்தினார்கள். இவர் தன்மேல் பட்ட கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கைக்குரியவனின் கழுத்தை நெரித்தார். அவன் மூச்சு நின்ற பிறகும் விடவில்லை. வெளிச்சம் வந்து பார்த்தால், பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் தொண்டை அறுந்து கிடந்தார்கள். பின்னர் யுத்தம் முடிந்தது என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இவருடைய கைகளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

என்னிடம் முதன்முதல் வந்தது தோளில் ஒரு கட்டியோடு. அமுக்கினேன். சீழோடு அரிசி மணி அளவில் கறுத்த இரும்பு வந்தது. பர்மாவில் பட்ட குண்டுச் சிதறல். அந்தப் பக்கத்துக் காதும் அன்றே போய்விட்டதாம். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அவர் சிரித்தார்.

"உள்ள போறப்ப கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிருச்சு தம்பி. வெளிய வாறதுதான் ஆற அமர வருது."

இரும்பு தோளால் வந்தது. மற்றது தூக்கத்தால் வந்தது. ஒரு நாள் செல்லம்மா அக்கா மணிக்கட்டு முறிந்து, வாயெல்லாம் ரத்தமாக வந்து நின்றா. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னா. பின்னால் நின்ற மாரிமுத்து அண்ணை, "பொய்யி தம்பி. நான்தான் ஒடச்சேன்" என்றார். தேத்தண்ணீரோடு போய்த் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறா. அவ்வளவுதான் அவா செய்தது. கையை முறுக்கிச் சுவரோடு அடித்து, கழுத்தில் கை வைத்த பிறகே அவருக்கு மனைவியின் முகம் தெரிந்திருக்கிறது. நான் கட்டுப் போட்டு முடியும்வரை அவர் வெளியே தூணில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. "இனி ஒருக்கால் அவாவிலை கை வைச்சா உம்மைக் கட்டித்தான் போடவேணும்" என்றேன். "கட்டிப் போடுங்க தம்பி" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

அன்றைக்கே காட்டுக்குப் போய், ஆளைவிட நீளமான தடியொன்றை வெட்டி வந்தார். நுனியில் பழஞ்சீலையைச் சுற்றி மனைவியிடம் கொடுத்தார். வாசலுக்கு வெளியே நின்று முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நல்ல காது பாயில் அழுந்திக் கிடந்தால் கேளாது. அப்போது தடியால் பாதத்தைத் தொட வேண்டும். அக்கா அடுப்படிக் குசினிக்குள் தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்க வேண்டும். தான் படுக்கப்போகுமுன் அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பார். "தாப்பா போட்டியா?" "போட்டாச்சு." புருஷன் பெண்சாதிக்கிடையில் இதைவிடப் பெரிய அன்பை நான் இந்த ஊரில் கண்டதில்லை.

வவுனியா ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனேன். நித்திரைக் குளிசை கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் பஸ் யன்னலால் எறிந்துவிட்டார். நான் ஏசினேன். "இத முழுங்கித் தூங்கினா, அவளக் கொன்னாலும் எனக்குத் தெரியாமப் போயிரும்" என்றார்.

அவருடைய பயமெல்லாம் அது ஒன்றுதான், தன் கையால் அக்கா செத்துவிடக்கூடாது என்று. அது நடக்கவில்லை.

நடந்ததை அக்காவே சொன்னா. விடியுமுன் ஆமி ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்கள் எல்லோரையும் றோட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணை உள்ளே நித்திரை; எழுப்ப அக்கா தடியை எடுத்திருக்கிறா. ஒருவன் அதைப் பறித்து முறித்தான். தோட்டத்தில் பழகிய சிங்களத்தில், "தொடாதீங்க, நான் கூப்பிடுறேன்" என்று காலில் விழுந்து கெஞ்சியிருக்கிறா. உள்ளே யாரையோ ஒளித்து வைத்திருக்கிறா என்று நினைத்தார்களோ என்னவோ, அவாவை உதைத்துத் தள்ளிவிட்டு ஒரு இளம் சிப்பாய் உள்ளே போய் நெஞ்சில் மிதித்தான். அடுத்த கணம் அவன் கீழே, அண்ணையின் கைகள் அவன் கழுத்தில். மற்றவர்கள் ஓடிவந்து முதுகில் சுட்டார்கள், பிறகு தலையில். செத்த பிறகும் விரல்கள் விடவில்லை. துவக்குப் பிடியால் அடித்து விரல்களை நொறுக்கித்தான் அவனை மீட்டிருக்கிறார்கள். அவன் பாய் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டு அழுதானாம்.

கருமாதியன்று போயிருந்தேன். "அந்த நாய் செத்திருக்க வேணும் அக்கா" என்றேன். இன்றைக்கும் என் மனம் ஆறவில்லை. அவா சீலை சுற்றிய பாதித் தடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா.

"அப்புடிச் சொல்லாதீங்க தம்பி. சின்னப் பய. இனி அவனையும் யாரும் தொட்டு எழுப்ப ஏலாது. அவனுக்கு வாறவ எவளோ, பாவம், தெரியாமத் தொட்டுருவா. அவளுக்கு யாரு சொல்லுவா?"

அந்தப் பாதித் தடி இப்போது மருந்துச்சாலை மூலையில் நிற்கிறது. அவர் ஞாபகமாக என்னிடம் இருப்பது அதுவும், அக்காவின் அந்தக் கேள்வியும்தான். அக்கா இன்னும் குசினிக்குள் தாழ்ப்பாள் போட்டுத்தான் படுக்கிறா. இனி எதற்கு என்று கேட்டேன்.

"வந்து தள்ளிப் பாப்பாரு தம்பி. தொறந்து கெடந்தா அவருக்குத் தூக்கம் வராது."