வெண்கலக்காரிக்குக் கட்டிய சேலை

"வாக்கா, இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு சிலைதான். பொறுமையா நடந்து பாக்கலாம்" என்று தம்பி கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்கு வந்தால் காரை விட்டு இறங்காமலே பேசிவிட்டுப் போகிறவன் அவன். அவனுக்கு ஏது பொறுமை! தான் இருக்கும் வெளிநாட்டுக்கு விமான டிக்கெட் போட்டு என்னை வரவழைத்த நாலாம் நாள், ஆற்றோரமாக நடக்க ஆரம்பித்தோம்.

முதல் சிலை, வளைந்த இரும்புக் குழாய்க் குவியல்.

"என்னடா இது, போர்வெல் ரிக்கு கவுந்தாப்பல கெடக்குது?"

"மனுசனோட தனிமையக் காட்டுதாமாக்கா."

"பத்து வருசமாத் தோட்டத்துல ஒத்தையில கெடக்கறேன். என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

அவன் சிரிக்கவில்லை. அடுத்து ஒரு கட்டிடத்தின் ஆறு மாடிக்கும் சேர்த்து வரைந்திருந்த கிழவர் முகம். எனக்குக் கால் வலி, குளிர், எரிச்சல். இவனோ படத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். "தோட்டத்துல பாம்பு பல்லி வருமேக்கா, ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா" என்று வழியெல்லாம் ஒரே அக்கறை. வீட்டுக்காரர் போன பிறகு அப்பாவின் தோட்டத்து வீட்டுக்குத்தான் திரும்பி வந்தேன். அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டதும் அங்கேதான். அப்போது இவனுக்கு இந்த அக்கறை எங்கே போயிருந்தது?

ஒரு பூங்காவில் பெஞ்சு இருந்தது. எதிரே, உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் ஒரு வெண்கலப் பெண் உட்கார்ந்திருந்தாள். தம்பி தோள்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மடியில் வைத்தான். உள்ளே அரக்குப் பட்டுச் சேலை. அதன்மேல் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு.

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் இப்படித்தான் செய்வார்கள். சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதி வாங்குகிற அன்றைக்கு, கூடப் பிறந்தவளுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு சேலை. எங்கள் அத்தைக்கும் அப்படி ஒன்று வந்தது. கடல் தாண்டி இத்தனை வருஷம் இருந்தும் அந்த முறையை மட்டும் பிசகாமல் வைத்திருக்கிறான் பாவி. ஊரில் கேட்டால் பங்காளிகள் கூடிவிடுவார்கள் என்றுதான் என்னை இங்கே இழுத்திருக்கிறான்.

"பத்திரம் எங்கடா?" என்றேன்.

அவன் முகம் வெளிறிப்போனது. பையிலிருந்து பைலை எடுத்தான். "பவர் பத்திரந்தான்க்கா. மத்தியானம் தூதரகத்துல ஒரு கையெழுத்து. தோட்டத்த வாங்கிப் பிளாட் போடறவங்க காத்திருக்கறாங்க. உனக்கு டவுன்ல, அஸ்தம்பட்டில வாடகைக்கு ஒரு ஊடு பாத்துத் தாரேன்."

"என்ற ஊட்ட இடிச்சுப்போட்டு எனக்கு வாடகைக்கு ஊடு பாக்கறயா?"

"ஒன்ற ஊடுன்னு எப்படிக்கா..." என்று இழுத்தான்.

அந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவன் கல்யாணத்துக்கு முதல்நாள், இணைச்சீர்க் கூடையில் கூறைச் சேலையை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றவள் நான். சேலையின் ஒரு முனை என் கக்கத்தில், மறுமுனை அவன் கையில். பெண்டாட்டி வந்தாலும் அக்காளை விட்டுவிட மாட்டேன் என்பதற்குத்தான் அந்தச் சீர். சடங்கு முடிந்த பிறகும் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான் அன்றைக்கு. எல்லாரும் கேலி செய்தார்கள்.

எழுந்தேன். சேலையை உதறிப் பிரித்து வெண்கலக்காரிக்குச் சுற்றினேன். உட்கார்ந்திருந்தவளுக்குக் கொசுவம் வைக்க வரவில்லை. இடுப்பைச் சுற்றி இழுத்து, மாராப்பைத் தோளில் போட்டு, வெற்றிலையை மடியில் வைத்தேன். நடந்துபோனவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள்.

"ஐயோ, என்னக்கா பண்ற? போலீஸ் வரும்க்கா!"

"வரட்டும். சேல வாங்கிக்கிட்டவ இவதான். கையெழுத்தும் இவகிட்டயே வாங்கிக்க."

அவன் ஓடிப்போய் முந்தானையை இழுத்தான். அது சிலையின் முழங்கையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பழைய பழக்கத்தில், "அக்கா, ஒரு முனையப் புடி" என்றான்.

நான் பிடிக்கவில்லை.