டாக்டரம்மா பிடித்த சால்வைத் தட்டு

அந்தத் தட்டில் ஆறு சால்வைகள் இருந்தன. மடித்து அடுக்கியவன் நான்தான். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, புதுச்சேரியில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் நான் கிளார்க்காக இருந்த சமயம். பெரிய மார்க்கெட்டில் மீன் அரியும் பெண்களுக்கு விரலிடுக்கில் புண் வந்து ஆறவே ஆறாது. அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தவர் எங்கள் டாக்டரம்மா. நான்கு வருடம் அந்தப் பெண்களோடு ஐஸ் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து சீழ் எடுத்து வந்தார். ஆபீசில் நாங்கள் மூக்கைப் பொத்துவோம். "நாத்தம் தாங்கலன்னா ஜன்னலத் தெறந்துக்கோங்க சார், நான் எங்க போறது?" என்று சிரிப்பார்.

அந்த ஆராய்ச்சிக்குத்தான் பாராட்டு விழா. பிரான்சிலிருந்து விருந்தினர்கள் வேறு. நிகழ்ச்சி நிரலை டைப் அடிக்கும்போதே பார்த்தேன், சால்வைக்குரிய ஆறும் ஆண்களின் பெயர்கள். டாக்டரம்மா பெயர் இல்லையே என்று தயங்கித் தயங்கி டைரக்டரிடம் கேட்டேன். "குழுவினர்னு போட்டிருக்கு இல்ல? அதுல அவங்களும்தான்" என்றார். தலையாட்டிவிட்டு மறுபடி டைப் அடிக்கப் போனேன். டாக்டரம்மாவிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

விழாவன்று, சால்வைத் தட்டு பிடிக்க வேண்டிய ரிசப்ஷன் பெண் வரவில்லை. நம்மூர் மேடைகளில் தட்டைப் பட்டுப்புடவை கட்டிய பெண்தானே பிடிக்க வேண்டும்! சும்மா நின்ற ஆண் ஒருவனைக் கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. பட்டுப்புடவையில் எதிரே வந்தவர் டாக்டரம்மா. "கொஞ்சம் புடிச்சுக்கோங்க மேடம், அஞ்சு நிமிஷம்" என்று நீட்டிவிட்டேன். அட மடையா! அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். ஆறு சால்வைகளும் ஆறு தோள்களுக்குப் போகும்வரை மேடையில் நின்றார். மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவில் அவருடைய கை மட்டும் இருந்தது.

இப்போதெல்லாம் பெண் விஞ்ஞானிகளைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எனக்கு டாக்டரம்மாவுடைய அப்பாவின் முகம்தான் வந்து நிற்கிறது. மகளைப் பாராட்டப் போகிறார்கள் என்று ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து, தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் மகளோடு என்னிடம் வந்தார்.

"பாப்பாவ மேடையிலயே நிக்க வெச்சிட்டீங்க சார். பேரு சொன்னாங்களா? எனக்குத்தான் காது சரியா கேக்கல."

"சொன்னாங்க ஐயா. ரெண்டு தடவ சொன்னாங்க."

"அப்ப சரி. வூட்ல அவங்கம்மா கேப்பா" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்.