உப்புத் தண்ணீர் ஊற்றியவள்

என் அப்பாவின் பிடிவாதம் எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். சொந்தக் காரில் வந்தால் ஒழிய இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று அவர் தன் மாமனாரிடம் சொல்லிவிட்டு வந்தபோது எனக்கு ஐந்து வயது. பஸ்ஸில் வந்திறங்கும் மாப்பிள்ளையைப் பற்றி அப்பச்சி, அதாவது அம்மாவின் அப்பா, நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதன்பிறகு ஐந்து வருடம் நாங்கள் அப்பச்சியின் ஊரான சத்தியமங்கலத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருவழியாகக் கார் வந்தது. சிங்காநல்லூரில் அப்பாவுக்கு லேத் பட்டறை. பக்கத்து மில்லில் இயந்திரம் பொருத்த வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. கிளட்ச் மிதி கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். இடது காலுக்கு வேலையில்லாத கார் என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. சரியாக அந்தச் சமயம் பார்த்து அம்மாவின் ஒரே தம்பிக்கு, என் மாமாவுக்கு, கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விளக்கு வைத்ததும், கூரைப்புடவையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவனோடு பிறந்தவளும் பிடித்துக்கொள்ள, சடங்கு நடத்தும் அருமைக்காரர் சீர் செய்துவைப்பார். அது கூடப் பிறந்தவளின் உரிமை. அவள் நேரத்துக்கு வராவிட்டால் பெரியப்பா மகள் அந்த இடத்தில் நின்றுவிடுவாள், அவ்வளவுதான். பிறந்த வீட்டோடு அம்மாவுக்கு மிச்சமிருந்தது அந்தப் புடவை முனை ஒன்றுதான். அந்த வாரம் முழுக்க அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்படி அப்பா என்னிடம் சொன்னார். சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்றவேண்டும், போர்வெல் தண்ணீர் உப்பு, உள்ளே அரித்துவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் சிறுவாணிக் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. சமையலறையில் ஒரே ஒரு குடம் இருந்தது, அதைத் தொட்டால் அம்மா தோலை உரித்துவிடுவாள். நான் தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீரை இரண்டு செம்பு மொண்டு ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கிளம்பினோம். கோவில்பாளையம் தாண்டும்வரை அப்பா விசிலடித்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் விசில் நின்றுவிட்டது. எஞ்சின் வீறிட்டது, கார் மட்டும் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கியது. அன்னூரைத் தாண்டி இரண்டு பக்கமும் சோளக்காடாக இருந்த ஓரிடத்தில் அதுவும் நின்றது. அப்பா கியர் பெட்டிக்குள் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். சிவப்பாக, தெளிவாக இருக்கவேண்டிய எண்ணெய் ரோஸ்மில்க் போல நுரைத்துக்கொண்டு வழிந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் சோளக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் காருக்கடியில் படுத்தார். அந்த ரோஸ் நிற எண்ணெயை மண்ணில் வடித்துவிட்டு, டிக்கியிலிருந்து டின் டின்னாக எடுத்துப் புது எண்ணெய் ஊற்றினார். கார் ஒரு பர்லாங் ஓடியது. மறுபடியும் எஞ்சின் மட்டும் கத்த, சக்கரம் அசையவில்லை. வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அம்மா ரோட்டோரத்தில் கிடந்த காலி டின்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, கல்யாணத்துக்குப் போறதுக்கு மூணு டின் எண்ணெ எதுக்குங்க எடுத்துட்டு வந்தீங்க?"

அப்பா காலி டின்களைப் பொறுக்கி டிக்கிக்குள் போட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் உண்மை தானாகவே வெளியே வந்துவிடும் என்று பயந்து நானே சொல்லிவிட்டேன்.

"நாந்தானுங்ப்பா. போர் தண்ணிய ஊத்திப்போட்டேன்."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா என்னை மட்டும் பார்த்து, அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஆமா கண்ணு. அந்த உப்புத் தண்ணியிலதான் கெட்டுப்போச்சு."

தூரத்தில் சத்தியமங்கலம் பஸ் வந்தது. அம்மா நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினாள். அப்பா வரவில்லை, வண்டியை விட்டுவிட்டு வரமுடியாது என்றார். அம்மா அவரை வற்புறுத்தவும் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். வழி நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அழுதுகொண்டே வந்தேன். அந்தப் பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தமும் என்னால்தான் நின்றது போல இருந்தது.

நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தபோது மாமாவின் பெரியப்பா மகள் தலை நிறையப் பூவோடு மணைக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அவ்வளவுதான். அம்மாவைப் பார்த்ததும் மாமா எழுந்தே நின்றுவிட்டார். அம்மா முகத்தைக்கூடக் கழுவாமல் போய்ப் புடவை முனையை வாங்கிக்கொண்டாள்.

சீர் முடிந்ததும் அப்பச்சி நேராக வந்தார்.

"மாப்ள எங்க, அம்மிணி?"

பந்தலே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தேம்பிக்கொண்டே, நல்ல காருக்குள் உப்புத் தண்ணீர் ஊற்றி நான்தான் கெடுத்தேன், அப்பா பாவம் ரோட்டில் நிற்கிறார் என்று ஒப்பித்தேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பச்சி தன் துண்டால் என் முகத்தைத் துடைத்தார். அன்று அப்பாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து மெக்கானிக் எங்கள் பட்டறையில் கியர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே தட்டுகளின் மேல் ஒட்டியிருந்த பட்டையெல்லாம் நனைந்த காலண்டர் தாளாக உரிந்து வந்தது.

"ஏனுங்ணா, இது ரெண்டு செம்புத் தண்ணியில ஆனதில்லீங்க. ரேடியேட்டருக்குள்ள எண்ணெ போற குழாய் அரிச்சு ஓட்டையாகி ஒரு மாசமாச்சும் இருக்குமுங்க. கம்பிய உருவுனப்பவே தெரிஞ்சிருக்கணுமே."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி, நான் கெடுக்கவில்லையாம் என்று அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுலயே தெரியும் கண்ணு," என்றாள்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்றாள். பஸ்ஸுக்குள் சொல்லியிருக்கலாமே என்று காலை உதைத்து அழுதேன். அவள் முறத்தைத் தட்டி மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் சொல்லியிருந்தால் பந்தலில் நான் அப்படி அழுதிருக்கமாட்டேன் என்பது எனக்கு அன்று தெரியாது.