ஜன்னலில் மணத்தக்காளி

டாலிகஞ்சில் எங்கள் எதிர் பிளாட்டில் இருந்தார் அவர். ஒல்லியான ஆள், மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. மண்ணே இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் செடி வளர்ப்பார். ஜன்னல் விளிம்பு முழுக்கக் கறுப்புக் காகிதம் சுற்றிய பாட்டில்கள். ஆபீஸ் கிளம்புமுன் சைக்கிள் பம்பால் ஒவ்வொன்றுக்கும் காற்றடிப்பார். வேர் மூச்சு விட வேண்டுமாம். ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு அதெல்லாம் புரியவில்லை. பாட்டில் யார் தலையில் விழுமோ என்பதுதான் என் கவலை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கயிறு கட்டியிருக்கேம்மா, பயப்படாதீங்க. ஆஸ்பத்திரியில என் சம்சாரம் மணத்தக்காளிக் கூட்டு கேக்கறா. இங்க பஜார்ல நம்மூர்க் கீரை ஏது?"

"இருக்கறதை இப்பவே பறிச்சு எடுத்துண்டு போங்களேன், சார்."

"நாலு இலையில கூட்டா? சிரிப்பா. இன்னும் கொஞ்சம் தழையட்டும்."

தழைப்பதற்குள் அந்த அம்மாள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், தட்டு நிறையக் கீரையோடு எங்கள் வாசலில் நின்றார். "கூட்டு பண்ணுங்கம்மா. எப்படி இருந்துதுன்னு மட்டும் சொல்லுங்க."

பண்ணினேன். அருமையாக இருந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது? கசந்தது என்று சொன்னால் மட்டும் அவர் மனம் ஆறுமா? தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி நின்றிருந்தார்.